தானே சுழலும் வெந்நீர்

(இரண்டாமாண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

மார்கழி மாதத்து விடியற்காலையில் ஜவ்வாது மலையில் ஒரு குடம் தண்ணீருக்குள் கைவிட்டுப் பார்த்தவர்களுக்கு மட்டுமே இக்கட்டுரையின் அவசியம் முழுமையாகப் புரியும். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பரந்து கிடக்கும் எங்கள் மலையை, கீழ்நாட்டு நண்பர்கள் பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகவே அறிந்திருப்பார்கள். ஒன்று, பீமன் நீர்வீழ்ச்சி. மற்றொன்று, 1986-இல் வைணு பாப்பு அவர்களின் பெயர் சூட்டப்பட்ட காவலூர் வானாய்வகம். அங்கே விண்மீன்களை ஆராய்கின்ற அதே இரவுகளில், சற்றுத் தொலைவில் உள்ள எங்கள் சிற்றூரில் பெண்கள் மறுநாள் குளிக்க வெந்நீருக்கு விறகு போதுமா என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

நம் துறை ஆய்வகத்திலிருந்து அனுமதி பெற்று ஒரு வெப்பமானியை ஊருக்கு எடுத்துச் சென்றேன். காலை ஆறு மணிக்கு ஊற்றுத் தண்ணீர் 17 டிகிரி காட்டியது. காய்ச்சாமல் இதில் குளிக்க எங்கள் ஊர் ஆண்களே தயங்குவார்கள். இந்த ஆண்டு எங்கள் வீட்டில் வேறொரு தேவையும் சேர்ந்துகொண்டது. அக்கா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். தை மாதம் குழந்தை பிறக்கும் என்று சொல்லியிருந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் நேரம் காலம் பாராமல் வெந்நீர் வேண்டும்.

வெந்நீர் என்றால் எங்கள் வீட்டில் கொல்லைப்புறத்து மூன்று கல் அடுப்பும், அதன் மேல் கரி பிடித்த அண்டாவும்தான். காஸ் அடுப்பு இருக்கிறது. ஆனால் சிலிண்டர் மலையேறி வர வேண்டும். எனவே அதை விருந்தாளிக்குக் காப்பி போடவே பற்றவைப்போம். அண்டா தண்ணீரை அதில் காய்ச்ச அம்மா சம்மதிக்க மாட்டார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 லிட்டர் நீரை 17 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 4,300 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். மின்சாரக் கோலில் காய்ச்சினால் இதற்கு 5 யூனிட் செலவாகும். ஒரு கிலோ காய்ந்த விறகு ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி தரும். ஆகவே வெப்பம் முழுவதும் தண்ணீருக்கே போய்ச் சேருமானால் ஒன்றேகால் கிலோ விறகு போதும். நான் வில் தராசில் நிறுத்துப் பார்த்தபோது, அந்த அளவு வெந்நீருக்கு அம்மா எரித்த விறகு 9 கிலோ. அதாவது, நூற்றில் 14 பங்கே நீருக்குப் போய்ச் சேர்ந்தது. மீதி 86 பங்கு அம்மாவின் கண்ணுக்கும், வானத்துக்கும், கல்லுக்கும் போயிற்று. அந்த விறகு ஒவ்வொரு கட்டையும் யாரோ ஒருத்தி தலையில் சுமந்து வந்தது. பள்ளி நாட்களில் அந்த ஒருத்தி பெரும்பாலும் நான்தான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால், இயற்பியல் படிக்கிற பெண் இதற்கு ஒரு வழி செய்யக்கூடாதா என்ற எண்ணம் எனக்கே வந்தது. யாரும் கேட்கவில்லை. நானாகவே முன்வந்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஏனெனில் அடுத்து நடந்த தவற்றுக்கும் நானே பொறுப்பு.

டீக்கடை பாய்லரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். செம்பினாலோ பித்தளையினாலோ ஆன உருளை. அதன் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு குழல். குழலின் அடியில் கம்பித் தட்டு, அதில் கரி நெருப்பு. புகை அந்தக் குழல் வழியே மேலே செல்லும். குழலைச் சுற்றி நீர் நிற்பதால் நெருப்பின் நான்கு புறமும் தண்ணீரே. மூன்று கல் அடுப்பிலோ பாத்திரத்தின் அடிப்பக்கம் மட்டுமே தீயைப் பார்க்கிறது. ரஷ்யர்களின் சமோவார் என்னும் தேநீர்க் கலமும் இதே அமைப்புத்தான். பழைய வீடுகளில் குளிப்பதற்கு வைத்திருந்த செம்பு பாய்லரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

குளியல் பாய்லரில் இன்னொரு நுட்பமும் உண்டு. அதன் புனல் வெளியில் இருந்தாலும், புனலின் குழாய் பாய்லரின் அடிவரை இறங்கும். வெந்நீர் வரும் மூக்கோ உச்சியில் இருக்கும். ஒரு செம்பு குளிர்ந்த நீரைப் புனலில் ஊற்றினால் அது அடியில் போய்த் தங்கி, உச்சியில் இருக்கும் வெந்நீரில் ஒரு செம்பை மூக்கு வழியே வெளியே தள்ளும். வெந்நீர் இலேசானது, தண்ணீர் கனமானது. எனவே இரண்டும் உடனே கலப்பதில்லை. ஊற்றினால்தான் வரும் என்பதால் பாய்லர் என்றும் வற்றாது. புனல் எப்போதும் திறந்திருப்பதால் உள்ளே அழுத்தமும் சேராது. எழுத்தறியாத கன்னார் ஒருவர் செய்த பொருளில் இத்தனை பாதுகாப்பு அடங்கியிருந்ததை நான் அப்போது உணரவில்லை.

பழைய பாத்திரக் கடை ஒன்றில் 20 லிட்டர் கொள்ளும் செம்பு பாய்லர் ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு முறையும் செம்பில் மொண்டு ஊற்றுவதற்குப் பதிலாக, ஊற்றிலிருந்து வரும் கறுப்பு ஓஸையே அதனுடன் இணைத்துவிட்டால் குழாயைத் திறந்ததும் வெந்நீர் கொட்டும் அல்லவா? அப்படித்தான் நினைத்தேன். புனல் வழியே நீர் பொங்கி வழிந்தது. எனவே புனலை மரக்கட்டையும் துணியும் வைத்து இறுக அடைத்தேன். மூக்கில் ஒரு குழாய் வைத்தேன். வெந்நீர் ஓஸுக்குள் திரும்பிப் போகக்கூடாது என்று தண்ணீர் வரும் வழியில் ஒருவழி வால்வு ஒன்றையும் பொருத்தினேன். பார்க்க அழகாகவே இருந்தது. ஊரார் வந்து பார்த்தார்கள். “படிச்ச பொண்ணு வெச்ச பாய்லரு” என்று சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள், கார்த்திகை மாதத்து ஒரு காலை, நான் கல்லூரிக்குத் திரும்பப் பேருந்துக்குக் காத்திருந்தபோது அம்மா தீயை மூட்டிவிட்டு வேறு வேலையாய் இருந்திருக்கிறார். குழாய் மூடியிருந்தது. குனிந்து விறகைத் தள்ளும்போது பாய்லரின் மேல்தட்டு உப்பி, பற்றவைத்த ஓரம் பிளந்து, வெந்நீரும் ஆவியும் சீறின. அம்மாவின் இடக்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்துபோயிற்று. முகத்தில் படாமல் போனது குனிந்திருந்த கோணத்தினால் மட்டுமே. பக்கத்து வீட்டு அண்ணி ஓடிவந்து கால்மணி நேரம் விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். அதனால்தான் புண் ஆழமாகவில்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். ஆயா மாவைப் பூச வந்தாராம், அண்ணி விடவில்லையாம். அந்தக் கைக்கு ஒரு மாதம் கட்டுப் போட்டிருந்தது. தழும்பு இன்றும் இருக்கிறது.

அடுத்த வாரம் ஆய்வக வகுப்பில் என் முகத்தைப் பார்த்தே பேராசிரியர் அவர்கள் என்னவென்று கேட்டார்கள். முழுவதையும் சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. “காயுற தண்ணி பெருகுமேம்மா. அது போறதுக்கு எங்க வழி விட்டே?” என்று ஒன்றே ஒன்று கேட்டார்கள். வழி எதுவும் விடவில்லை. புனலையும் அடைத்தேன், குழாயும் மூடியிருந்தது, வந்த வழியே திரும்பிப் போகாதபடி வால்வும் வைத்திருந்தேன்.

கணக்கு இதோ. 17 டிகிரி நீர் 95 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் பருமன் நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெருகும். 20 லிட்டரில் இது ஏறக்குறைய முக்கால் லிட்டர். கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் நீரை அமுக்கிச் சுருக்க முடியாது. அந்த முக்கால் லிட்டர் இடம் கேட்டே தீரும். பாய்லரின் மேல்தட்டு 30 சென்டிமீட்டர் விட்டமுடையது. பரப்பு 700 சதுர சென்டிமீட்டருக்கு மேல். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோ அழுத்தம் என்றாலே தட்டின் மேல் மொத்தம் 350 கிலோ. ஓர் எருமை உள்ளிருந்து முட்டுவதற்குச் சமம். அதன் மேல், மூடிய கலத்தில் நீர் வழக்கமான கொதிநிலையைக் கடந்தும் கொதிக்காமல் சூடேறும். கலம் பிளந்து அழுத்தம் விட்டதும் அதில் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கும் மேல் இடம் அடைக்கும். சிறு கலம், மெல்லிய தட்டு, சீக்கிரம் விட்டுக்கொடுத்தது என்பதே எங்கள் நல்ல காலம். கெட்டியான இரும்புக் கலமாக இருந்திருந்தால் இக்கட்டுரையை எழுத எனக்கு மனம் இருந்திருக்காது.

பேராசிரியர் அவர்கள் அன்று மாலை எங்களுக்குப் பழைய சோதனை ஒன்றைச் செய்து காட்டினார்கள். சதுரமாக வளைத்த கண்ணாடிக் குழாயில் நீரை நிரப்பி, அதன் மேல் வாயில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் படிகம் ஒன்றைப் போட்டு, ஒரு பக்கக் காலின் அடியில் சுடர் காட்டினார்கள். ஊதா நிறம் மறுபக்கக் காலில் மெல்ல இறங்கி, அடியில் ஓடி, சுடருள்ள காலில் ஏறி, மேலே சுற்றி மறுபடியும் இறங்கியது. பம்பு இல்லை, கைப்பிடி இல்லை. வெப்பச்சலனம் என்று பள்ளியிலேயே படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அதை வைத்து ஒரு வீட்டில் வெந்நீரை ஓடவைக்கலாம் என்று நாம் யாரும் நினைத்ததில்லை.

பிறர் நினைத்திருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டில் பொன்மேன் என்பவர் கோழிக்குஞ்சு பொரிக்கும் அறையை இவ்வாறு சுழலும் வெந்நீரால் சூடாக்கினார். மனிதர் வீடுகளுக்கு அது பிறகுதான் பரவிற்று. குளிர் நாடுகளில் அடித்தளத்தில் கொதிகலனை வைத்து, அறைதோறும் இரும்புக் கலங்களுக்குள் வெந்நீரை ஏற்றி இறக்கி வீட்டையே சூடாக்கினார்கள். அமெரிக்காவில் 1909-இல் வில்லியம் பெய்லி என்பவர் கூரை மேல் வெயிலில் குழாய்களையும், அவற்றுக்கு மேலே வெப்பம் போகாமல் காப்புச் செய்த தொட்டியையும் வைத்து ‘பகலும் இரவும்’ என்ற பெயரில் சூரிய வெந்நீர்க் கலம் விற்றார். இன்று விடுதிகளின் மொட்டை மாடிகளில் நாம் காண்பவை அதன் பேரப்பிள்ளைகளே. சூரியக் கலம் எங்கள் மலைக்கும் நல்லதுதான். ஆனால் எந்த நாளில் வெந்நீர் மிகவும் வேண்டுமோ, அந்த நாளில்தான் எங்கள் ஊரில் பத்து மணி வரை பனி விலகாது. எனவே நான் அடுப்பையே நம்பினேன்.

அம்மா மறுபடியும் சம்மதிக்க வேண்டுமே! அதற்குக் குடும்பத்தில் பெரிய பேச்சு நடந்தது. அப்பா வேண்டாம் என்றார். ஆயா என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாதான், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, “ஒருவாட்டி தப்புன்னா வுட்டுட்றதா? ஆனா இந்தவாட்டி உன் மாமன் பக்கத்துல இருக்கணும்” என்றார். கீழ்நாட்டில் குழாய் வேலை செய்யும் என் தாய்மாமா மார்கழி விடுமுறையில் தம் சாமான்களோடு வந்து சேர்ந்தார். பிளந்த பாய்லரை எடைக்குப் போட்டு, அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, முக்கால் அங்குலச் செம்புக் குழாய் 5 மீட்டர் வாங்கினோம்.

இனி அமைப்பைச் சொல்கிறேன். வீட்டில் வைத்துப் பார்க்க விரும்புவோர் இதைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

சமையல் அடுப்பின் பின்சுவரில், தீ நாக்கு வீணாக வெளியேறும் இடத்தில், செம்புக் குழாயைச் சுருளாக வளைத்து மண்ணில் பதித்தோம். குழாய்க்குள் மணல் நிரப்பி வளைத்தால் நசுங்காது என்பது மாமா கற்றுத் தந்தது. சுருளின் ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிடச் சற்று உயர்ந்தே செல்ல வேண்டும். சுவருக்கு மறுபுறம், கல் மேடையின் மேல் 100 லிட்டர் எவர்சில்வர் கலம். கலத்தின் அடிப்பாகம் சுருளின் உச்சியைவிட ஓர் அடி உயரத்தில் இருக்கிறது. சுருளின் மேல்முனையிலிருந்து ஒரு குழாய் ஏறிக் கலத்தின் மேல்பாகத்தில் சேர்கிறது. இது ஏறு குழாய். கலத்தின் அடியிலிருந்து ஒரு குழாய் இறங்கிச் சுருளின் கீழ்முனையில் சேர்கிறது. இது இறங்கு குழாய். கண்ணாடிக் குழாயில் பார்த்த சதுரம் இப்போது வீட்டளவு பெரிதாகிவிட்டது.

நீரை நகர்த்துகிற விசை எவ்வளவு? 20 டிகிரி நீர் ஒரு கன மீட்டர் 998 கிலோ. 60 டிகிரி நீர் 983 கிலோ. வேறுபாடு 15 கிலோ. சுருளின் நடுவுக்கும் கலத்தின் நடுவுக்கும் உயர வித்தியாசம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நீரைத் தள்ளும் அழுத்தம் 15 மில்லிமீட்டர் உயர நீருக்குச் சமம். ஒரு விரல் அகலம்! அவ்வளவே நமக்குக் கிடைக்கும் பம்பு. கலம் சூடேறச் சூடேற இதுவும் குறையும். குழாய் வேலையில் நான் கற்ற அனைத்தும் இந்த ஒரு விரல் அகலத்திலிருந்து பிறந்தவையே.

இவ்வளவு சிறு விசை ஒடுக்கமான குழாயில் தோற்றுப்போகும். சீராக ஓடும் நீருக்குக் குழாயின் விட்டம் பாதியானால் தடை பதினாறு மடங்காகும் என்பதை நாம் பாய்சூய் விதியில் படித்திருக்கிறோம். கடைக்காரர் அரை அங்குலம் போதும் என்றார். பம்பு வைத்த வீட்டுக்கு அது போதும். நாங்கள் சுருளுக்கு முக்கால் அங்குலமும், ஏறு குழாய்க்கும் இறங்கு குழாய்க்கும் ஓர் அங்குலமும் போட்டோம். ஒவ்வொரு எல்போவும் ஏறக்குறைய முக்கால் மீட்டர் குழாயளவு தடை தரும் என்பதால் ஏழு எல்போ வைத்திருந்த என் படத்தை மாமா நான்காகக் குறைத்தார். படம் வரைவதில் எனக்குள்ள ஆசை வேறு, நீரின் விருப்பம் வேறு.

அடுத்து, காற்று. முதல் நாள் நிரப்பித் தீ மூட்டியபோது சுருள் கடகடவென்று இடித்தது. கலமோ சில்லென்றே இருந்தது. எனக்குக் கை நடுங்கியது. அம்மாவை எட்டப் போகச் சொல்லிவிட்டுத் தீயை இழுத்து அணைத்தேன். மாமா மட்டப் பலகையை வைத்துப் பார்த்தார். சுவரைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் ஏறு குழாய் ஒரு விரற்கடை மேடாகி மறுபடி தாழ்ந்திருந்தது. அந்த மேட்டில் காற்று குடியிருந்தது. ஓடும் தண்ணீர்க் குழாயில் காற்றைத் தள்ளிவிடப் போதிய அழுத்தம் இருக்கும். நம் ஒரு விரல் அகலம் காற்றுக் குமிழிடம் தோற்கும். அதுமட்டுமன்று, நீரில் கரைந்துள்ள காற்று சூட்டில் பிரிந்துகொண்டே இருக்கும். எனவே ஒருமுறை வெளியேற்றினால் போதாது. காற்று தானாகவே மேலேறிச் செல்லுமாறு குழாய் முழுவதும் ஒரே ஏற்றமாக இருக்க வேண்டும். மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் ஏற்றம் வைத்து மாற்றிப் பொருத்தினோம். அன்று மாலை இறங்கு குழாயைத் தொட்டால் குளிர்ச்சி, ஏறு குழாயைத் தொட்டால் கை பொறுக்கவில்லை. அம்மா இரண்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது தானாவே ஏறுதா?” என்று கேட்டார். வெறும் கேள்விதான், ஆனால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இப்போது மிக முக்கியமானதற்கு வருகிறேன். கலத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஊற்று ஓஸை நேரே இணைக்கவில்லை. பக்கத்தில் ஒரு சிறிய குளிர்நீர்த் தொட்டி வைத்தோம். அதன் நீர்மட்டம் கலத்தின் உச்சியைவிட 30 சென்டிமீட்டர் மட்டுமே உயரம். ஊற்று நீர் மிதவை வால்வு வழியாக அத்தொட்டியில் விழுகிறது. தொட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் கலத்தின் அடியில் சேர்கிறது. இந்தக் குழாயில் எந்த வால்வும் இல்லை. காய்ந்து பெருகும் நீர் இவ்வழியே சிறிது பின்வாங்கித் தொட்டியில் இடம் தேடிக்கொள்ளும். கலத்தின் உச்சியிலிருந்து திறந்த குழாய் ஒன்று நேரே மேலேறித் தொட்டியின் மேல் கொக்குக் கழுத்தாக வளைந்து நிற்கிறது. காற்றும் ஆவியும் வெளியேற அதுவே வழி. இதிலும் வால்வு வைக்கக்கூடாது. மரக்கட்டையும் துணியும் நிச்சயமாகக் கூடாது.

அந்தக் குழாய் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? வெந்நீர் இலேசானது என்பதால் அது குளிர்நீர் மட்டத்தைவிடச் சற்று உயர்ந்தே நிற்கும். 2 மீட்டர் உயரக் குளிர்நீரைத் தாங்க 90 டிகிரி வெந்நீர் 2 மீட்டர் 7 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். குறைந்த உயரத்தில் குழாயை வளைத்தால் நீர் ஓயாமல் வழிந்து, வெந்நீர் எல்லாம் குளிர்நீர்த் தொட்டிக்கே போய்விடும். நாங்கள் நீர்மட்டத்துக்கு மேல் 45 சென்டிமீட்டர் விட்டோம்.

குளியலிடத்துக்குப் போகும் வெந்நீரைக் கலத்தின் உச்சியிலிருந்தே எடுக்கிறோம். பழைய செம்பு பாய்லரின் மூக்கைப் போலத்தான். அடியில் குளிர்நீர் வந்தால்தான் உச்சியில் வெந்நீர் போகும். ஊற்று வற்றி நீர் வராமல் போனால் குழாயில் வெந்நீர் நின்றுவிடுமேயன்றிக் கலம் காலியாகாது. சுருள் வெறுமையாய்த் தீயில் நிற்கும் ஆபத்தும் இல்லை. அடியில் குழாய் வைத்தால் சுலபம் என்று மாமாகூடச் சொன்னார். இந்த ஓர் இடத்தில் நான் அவரை மறுத்தேன்.

சில்லறைச் செய்திகள் சில. சாதாரண பி.வி.சி. குழாய் இந்தச் சூட்டில் துவண்டுவிடும். அடுப்பருகே இரும்பு அல்லது செம்பு மட்டுமே போட வேண்டும். செம்பும் துத்தநாகம் பூசிய இரும்பும் நேரடியாகத் தொட்டால் துத்தநாகம் விரைவில் அரிக்கும். ஆதலால் நடுவே பித்தளை யூனியன் வைத்தோம். மரைகளுக்குச் சணல் நூலும் பெயிண்டும். இரண்டு பக்கமும் யூனியன் இருப்பதால், உப்புப் படிந்தால் சுருளை மட்டும் தனியே கழற்றலாம்.

இரவில் சூடு தங்குவதற்கு நாங்கள் காசு செலவழிக்கவில்லை. எங்கள் மலையில் சாமை விளைகிறது. சாமை உமிக்குக் குறைவில்லை. கலத்தைச் சுற்றிப் பலகைக் கூண்டு அடித்து நான்கு விரற்கடை கனத்துக்கு உமியைத் திணித்தோம். உமி போடுவதற்கு முன் இரவு ஒன்பது மணிக்கு 60 டிகிரி இருந்த நீர் காலை ஐந்து மணிக்கு 37 டிகிரியாகிவிட்டது. உமி போட்ட பிறகு 54 டிகிரி. எலி வருகிறது என்று ஆயா குறை சொல்கிறார். அது உண்மையே. வேப்பிலை கலந்து பார்த்தோம். எலிக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

60 டிகிரி நீரை 17 டிகிரி நீருடன் கலந்து 40 டிகிரியாக்க இரண்டும் ஏறக்குறைய சரிபாதி வேண்டும். எனவே 100 லிட்டர் வெந்நீர் 180 லிட்டருக்கு மேல் குளிக்கும் நீராகிறது. வீட்டில் எல்லோரும் குளித்தும் மிஞ்சும். ஆனால் 60 டிகிரி நீர் சில நொடிகளிலேயே தோலை வேகவைக்கும். குழந்தைக்கு நீர் விளாவும்போது முதலில் தண்ணீர், பிறகுதான் வெந்நீர் என்று கண்டிப்பாக வைத்திருக்கிறோம். மாற்றிச் செய்தால், ஒரு நிமிடம் யாராவது கூப்பிட்டுத் திரும்பினால், தொட்டியில் இருப்பது வெறும் வெந்நீராக இருக்கும். அக்கா தன் முழங்கையை நனைத்துப் பார்க்காமல் பிள்ளையை இறக்குவதில்லை.

விறகு? முன்பு குளியலுக்கு 9 கிலோவும் சமையலுக்கு 7 கிலோவும் ஆக 16 கிலோ எரிந்தது. இப்போது இரண்டுக்கும் சேர்த்து 10 கிலோ. சோறு வேகச் சற்றுக் கூடுதல் நேரமாகிறது என்று அம்மா சொல்கிறார். சுருள் தீயின் பங்கை எடுத்துக்கொள்கிறது, எனவே அவர் சொல்வது சரிதான். இந்த எடைகளை நான் ஒரு வாரம்தான் எடுத்தேன். மழைக்காலத்து ஈர விறகில் கணக்கு மாறும்.

தை மாதம் ஆண் குழந்தை பிறந்தது. ஆயா முதல் நாள் மட்டும் அண்டாவில்தான் நீர் காய்ச்ச வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மூன்றாம் நாள் விடியற்காலை நாலு மணிக்குப் பிள்ளை துணியை நனைத்து அழுதபோது யாரும் தீ மூட்டாமலே குழாயில் சுடுதண்ணீர் வந்தது. அதன் பிறகு அண்டாவைக் கேட்கவில்லை. இப்போது அதில் நெல் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அண்ணி, அன்று அம்மாவின் கையில் தண்ணீர் ஊற்றியவர், தம் வீட்டுக்கும் ஒன்று வைத்துத் தரச் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டு அடுப்பு கிழக்குச் சுவரில் இருப்பதால் ஏறு குழாய் வாசற்படியைச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. அங்கே மேடு விழாமல் கொண்டுவருவதுதான் சிக்கல். தேர்வு முடிந்ததும் கோடை விடுமுறையில் மாமாவுடன் போய் அளவெடுக்கப் போகிறேன்.